இடது கன்னம்

அப்பாவுக்குப் படுக்கை போட அவீஸ் சாம்பல் சலித்துக்கொண்டிருந்தாள்.

சமையல்கட்டு அடுப்பிலிருந்து அள்ளி வந்த சாம்பல். அதில் கரித்துண்டுகளும் கோழி எலும்புகளும் கலந்து கிடந்தன. கூடத்தின் நடுவில் பரப்பியிருந்த கோரைப்புல்லை ஒதுக்கி, தரையில் சிலுவை வடிவில் சாம்பலைத் தூவி, அதன்மேல் ஆட்டுமயிர்த் துணியை விரித்து அவரை அதில் இறக்க வேண்டும். மடத்துத் துறவிகள் சாகிறபோது அப்படித்தான் சாவார்கள். அப்பா ஆன்ஸ்கோ பிரபு இன்று துறவி ஆகப்போகிறார். மடத்திலிருந்து அங்கி வந்துகொண்டிருந்தது.

"அண்ணி, அது ரொட்டி மாவு சலிக்கிற சல்லடையாச்சே" என்றாள் மபீல். தம்பி ரெனூஃபின் மனைவி. ஈரத் துணியும் கையுமாக வாசற்படியில் நின்றாள்.

"கழுவிக்கலாம்."

"எவ்வளவு கழுவினாலும் நாளைக்கு ரொட்டி கடிக்கிறப்போ எலும்பு நறநறங்கும். மாமாவ நெனச்சுக்கிட்டேதான் சாப்பிடணும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மபீலும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கட்டில் பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

கட்டிலில் ஆன்ஸ்கோ கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஆப்பிள் தோப்பில் கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே புல்லில் சாய்ந்ததிலிருந்து வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பேச்சு வரவில்லை. உடம்பில் வலது கை மட்டும் அவர் சொன்னதைக் கேட்டது.

அவீஸ் எழுந்துபோய் அவருடைய உதட்டோரத்தைத் துடைத்தாள். அந்த வலது கை எழுந்தது. மெதுவாக, நடுங்கிக்கொண்டு, விரல்களை விரித்து அவள் முகத்தை நோக்கி வந்தது. அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கை காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போர்வையில் விழுந்தது.

விழுந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. ரெனூஃப் பக்கத்தில் போனால் அந்தக் கை அசையாது. மபீல் போனால் அசையாது. அவீஸ் குனிந்தால் மட்டும் அடிக்க வருவதுபோல எழும்.

"சாகிற நேரத்துலகூட என்மேல என்ன கோபம்னு தெரியல" என்றாள் அவீஸ்.

"கோபம்னு ஏன் நெனைக்கிறீங்க? தடவிக் குடுக்க வர்றாரோ என்னமோ."

"உனக்குத் தெரியாது."

மபீலுக்குத் தெரியாதுதான். அவீஸ் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு முன்பல் விழுந்து இன்னும் முளைக்காத வயதில் அப்பா அவளை ஒரு தடவை அடித்திருக்கிறார். ஒரே ஒரு தடவை. நாயைக்கூட அடிக்காத மனிதர். அந்த அடியின் நெருப்பு முப்பது வருஷமாக அவளுடைய இடது கன்னத்தில் எங்கேயோ அணையாமல் இருந்தது.

ஆன்ஸ்கோ அப்போதுதான் கடலுக்கு அப்பால் ஒரு தீவில் நடந்த சண்டையிலிருந்து திரும்பியிருந்தார். போன வழியெல்லாம் வாந்தி. சண்டை ஜெயித்து, கூடப் போனவர்களுக்கெல்லாம் அந்தத் தீவில் ஊர் ஊராகக் கிடைத்தது. இவர் மட்டும், 'வீட்டுக்குப் போக ஒரு தடவை அந்தக் கடலத் தாண்டணும்ல, அதத் தாண்டிர்றேன். அதுக்குமேல ஒரு தடவகூட என்னால முடியாது' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வடக்கிலிருந்து படகில் வந்த வம்சத்தில் படகு ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் என்று ஊரே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவீஸின் அம்மா தோவாவை அவர் வடக்குக்காரர்கள் வழக்கப்படி சேர்த்துக்கொண்டிருந்தார். பூசாரி இல்லை, கோயில் இல்லை. கைப்பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்தார், அவ்வளவுதான். முன்னோர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் காலம் மாறியிருந்தது. கோயிலில் வைத்துக் கட்டிய மனைவியின் பிள்ளைக்குத்தான் நிலம் என்று ஆகிவிட்டது. பக்கத்துப் பிரபு தன் மகளையும் ஒரு காட்டையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஆன்ஸ்கோவின் அப்பா சம்மதித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அப்பா அம்மாவையும் அவீஸையும் ஆற்று வளைவுப் புல்வெளிக்குக் கூட்டிப்போனார். கூட இரண்டு வீரர்களும் ஊர்ப் பூசாரியும் வந்தார்கள். காற்று அடித்தது. அப்பா இடுப்புக் கத்தியை உருவி, புல்லோடு ஒரு கட்டி மண்ணை வெட்டி எடுத்து அம்மாவின் மடியில் போட்டார். அம்மாவின் நீலத் துணி சேறானது. 'வளைவுலேருந்து அந்தச் சாம்பல் நிறக் கல்லு வரைக்கும்' என்றார். பிறகு திரும்பி, ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்த அவீஸின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவள் புல்லில் விழுந்தாள். வாயில் ரத்தம். அந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூசாரி தலையை ஆட்டினார். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மாகூடக் கேட்கவில்லை.

துரத்தினார் என்று அவள் புரிந்துகொண்டாள். அந்தக் கல்லைத் தாண்டி வராதே என்றார், அம்மாமேல் சேற்றை எறிந்தார், தன்னை அடித்தார். பிறகு ஒரு குளிர்காலம் போனதும் அவரே வந்து அவளை மட்டும் பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்த்தார், ஒரு குதிரை வீரனுக்குக் கட்டிவைத்தார், அவன் செத்தபின் திரும்பவும் கூட்டிவந்து வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். அவள் மரியாதையாகத்தான் இருந்தாள். ஆனால் எப்போதும் ஒரு கை தூரத்துக்கு அப்பால் நின்றே அவரிடம் பேசினாள்.

அந்த நாளில் அங்கே இருந்த மூன்று பேரும் இப்போது இல்லை. அம்மா மட்டும் அதே புல்வெளியில் வாத்து வளர்த்துக்கொண்டு, ஆற்றில் விலாங்குப் பொறி கட்டிக்கொண்டு இருக்கிறாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தக் கல்லைத் தாண்டி இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

ரெனூஃப் குதிரை லாயத்திலிருந்து உள்ளே வந்தான். பூட்ஸெல்லாம் சேறு.

"மடத்து ஆளுங்க ஆத்தத் தாண்டிட்டாங்க. ரோடு முழுக்கத் தண்ணி. சாம்பல் ஆச்சா அக்கா?"

"ஆயிருச்சு."

அவன் போகாமல் நின்றான். கையில் இருந்த வைக்கோலை ஒடித்துக்கொண்டே, "நேத்து அம்மாகிட்ட சொன்னியா?" என்று கேட்டான். அவன் அம்மா காய்ச்சலில் இறந்து வெகுநாளாகிறது. அம்மா என்றால் இந்த வீட்டில் இப்போது தோவாதான். அவன் நல்ல பையன்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவரு சாப்பிட்டாரான்னு கேட்டாங்க."

ரெனூஃப் பெருமூச்சு விட்டான். "எனக்கு மட்டும் ஆசையா? கொடுக்கிறதுக்கு நம்மகிட்ட வேற என்ன இருக்கு சொல்லு. காடு என் அம்மா வீட்டுச் சொத்து, மாமா விடமாட்டார். மாவு ஆலையும் தாத்தா காலத்துலயே போயிருச்சு. மடத்துத் தாழ்வாரத்துல தாத்தா படுத்திருக்கார், அவங்க அப்பா படுத்திருக்கார். நம்ம அப்பா மட்டும் ஊர்க் கல்லறையில மாட்டுக்காரங்களோட கிடக்கவா? நாலு தலைமுறையா ஒரு பேரு இருக்கில்ல நமக்கு. மடத்துக்கு அந்தப் புல்வெளியக் குடுத்தா அங்கியும் உண்டு, தாழ்வாரத்துல எடமும் உண்டு, வருஷா வருஷம் பூசையும் உண்டு. அம்மா இங்க வந்து இருக்கட்டும். அடுப்புப் பக்கமா நல்ல எடமாப் பார்த்து…"

"அவங்க வரமாட்டாங்க, ரெனூஃப்."

"நீ சொன்னா வருவாங்க."

நேற்று அம்மா முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பொறிக்கு நாணல் முடைந்துகொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டு நிமிரக்கூட இல்லை. சாப்பிட்டாரா என்று கேட்டாள். பிறகு, "சாகப்போற மனுஷன் வாயிலேருந்து அப்பத்தப் பிடுங்கற மாதிரி நான் வந்து நிக்கமாட்டேன். சொல்றதுன்னா நீதான் சொல்லணும்" என்றாள். தம்பியிடம் கெஞ்சச் சொல்கிறாள் என்று அவீஸ் நினைத்தாள். கெஞ்சினாள். பலிக்கவில்லை. அம்மாவுக்கு இந்தக் குளிர்காலத்துக்கு வீடு இல்லை. அப்பாவுக்கு மோட்சம் உண்டு. ஒன்றுக்கு ஒன்று விலை.

மடத்திலிருந்து வந்தது கொந்தார் என்ற மூத்த துறவி. பெரிய உருவம். மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. கூட வந்த இளம் துறவி மடித்த கறுப்பு அங்கியை நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான்.

"சூடா ஏதாவது இருந்தா குடும்மா. இல்லன்னா உங்க அப்பாவுக்குப் பக்கத்துலயே எனக்கும் கொஞ்சம் சாம்பலத் தூவிரு" என்றார் கொந்தார், தும்மலுக்கு நடுவில். மபீல் சுடவைத்த ஆப்பிள் கள்ளைக் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கட்டிலருகே போய் மண்டியிட்டார். குரல் மாறியது. "ஆன்ஸ்கோ, நான் கொந்தார் வந்திருக்கேன். கேக்குதா? நம்ம ரெண்டு பேரும் சின்ன வயசுல வாத்து முட்டை திருடினோம். அதுக்கு நான் எப்பவோ பாவமன்னிப்பு வாங்கிட்டேன். நீ வாங்கினியா இல்லையா?"

ஆன்ஸ்கோவின் கோணிய வாய் இன்னும் கோணியது. சிரிக்கிறார் என்று அவீஸுக்குத் தெரிந்தது.

நாலு பேர் படுக்கை விரிப்பின் நாலு முனையையும் பிடித்து அவரைச் சாம்பல்மேல் இறக்கினார்கள். அவ்வளவு கனமாக இருந்தவர் இப்போது ஒரு கோதுமை மூட்டை அளவுதான் இருந்தார். கொந்தார் சாகிறவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். நெற்றியில், கண்ணிமையில், உள்ளங்கையில் எண்ணெய் வைத்தார். பிறகு, "வம்சத்தைச் சொல்லுங்க. அங்கி போடறதுக்கு முந்தி சொல்லணும். இனிமே எங்க ஜெபத்துல அந்தப் பேரெல்லாம் வரும்" என்றார்.

ரெனூஃப் நிமிர்ந்து நின்றான். "கிரிமோவோட மகன் ரெனூஃப். ரெனூஃபோட மகன் ஆன்ஸ்கோ." தாத்தாவின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள்.

தரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் கல் உருள்வதுபோல.

"தோர்கெல்ல விட்டுட்டே" என்றாள் அவீஸ் மெதுவாக.

"அவர் ஞானஸ்நானம் வாங்காதவரு அக்கா."

"வேண்டாம்மா" என்றார் கொந்தார். "அவர் பேரச் சொல்லி எங்களால ஜெபிக்க முடியாது."

வடக்கிலிருந்து படகில் வந்த முதல் ஆள் தோர்கெல். அப்பா எப்போதும் அவரிலிருந்துதான் ஆரம்பிப்பார். விருந்தில் நாலு கோப்பை உள்ளே போய்விட்டால், 'நம்ம பெரியவரு இந்தக் கரைக்கு வந்தது ஒரே ஒரு பசுவத் திருடத்தான். திருடின பசுவுக்குப் புல்லு வேணுமேன்னு ஒரு வயலப் பிடிச்சாரு. வயலக் காக்க ஆளு வேணுமேன்னு பிள்ளை பெத்தாரு. அதுதான்யா நம்ம பெருமை' என்பார். ரெனூஃபின் முகம் அப்போதெல்லாம் சிவந்துபோகும்.

இப்போது ரெனூஃப் வெளியே போய் ஒரு கட்டி புல்மண்ணோடு வந்தான். வளைவிலிருந்து காலையிலேயே ஆளனுப்பி வெட்டிவரச் சொல்லியிருக்கிறான். மண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்பாவின் இடுப்புக் கத்தியை உருவி, அதன் அலகின்மேல் மண்ணை வைத்து நீட்டினான். கொடுக்கிற வீட்டில் இருக்கிற எல்லாரும் கத்தியின் பிடியைத் தொட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். ஒருத்தர் சொல்லாவிட்டாலும் கொடை செல்லாது. முதலில் ரெனூஃப் குனிந்து அப்பாவின் வலது கையை எடுத்துப் பிடியில் வைத்தான். கை நிற்காமல் நழுவியது. மறுபடி வைத்தான். மறுபடி நழுவியது.

"பலம் இல்ல" என்றான் ரெனூஃப். தானே தொட்டு, "சம்மதம்" என்றான். மபீல் தொட்டாள், "சம்மதம்" என்றாள்.

"ஈவோ, இங்க வா."

ரெனூஃபின் மகன் ஈவோ அவீஸின் பாவாடைக்குப் பின்னால் நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். ஆப்பிளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவனுடைய சின்னக் கையையும் பிடியில் வைத்தார்கள். "சம்மதம்" என்றான், நன்றாகப் பழக்கிவைத்த கிளிப்பிள்ளைபோல.

"எங்க எல்லாரையும்விட ரொம்ப நாள் இருக்கப்போறவன் நீ" என்றான் ரெனூஃப். "ஆத்து வளைவுலேருந்து சாம்பல் கல்லு வரைக்கும், உங்க தாத்தா இன்னைக்கு மடத்துக்குக் குடுத்தாரு. பாத்துக்கோ." சொல்லிக்கொண்டே மகனின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

பையன் ஒரு சுற்றுச் சுற்றிக் கோரைப்புல்லில் விழுந்தான். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு வீறிட்டான். மபீல் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். "இவ்வளவு பலமாவா?"

"மெதுவா அடிச்சா ஞாபகம் எப்படி இருக்கும்? எங்க தாத்தா மடத்துக்கு ஆலையக் குடுக்கிறப்போ எனக்கும் இப்படித்தான் விழுந்துச்சு. இப்பக் கேளு, அன்னைக்கு யார் யார் என்ன சட்டை போட்டிருந்தாங்கன்னு சொல்றேன்."

கொந்தார் தலையை ஆட்டினார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவீஸின் கையிலிருந்து ஆப்பிள் கீழே விழுந்தது.

காற்று. அம்மாவின் நீலத் துணி. பூசாரியின் செருப்பில் அறுந்த வார். வீரர்களில் ஒருத்தன் சிவப்புத் தாடியைச் சொறிந்தது. ஆற்றில் பனி. அப்பாவின் கை வருவதற்கு முன் அவர் முகம். அந்த முகத்தை அவள் இத்தனை வருஷமாகக் கோபம் என்று வைத்திருந்தாள். இப்போது ரெனூஃபின் முகத்தில் அதையே பார்த்தாள். அது கோபம் இல்லை. பிள்ளையை அடிக்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்ட முகம். பெண்பிள்ளைகளை யாரும் இதற்காக அடிப்பதில்லை. அதனால்தான் அவளுக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு அன்றைக்கு வேறு பிள்ளை இல்லை.

"அக்கா" என்றான் ரெனூஃப். கத்தி அவள் முன்னால் நீண்டிருந்தது. "பிடியத் தொடு."

"மாட்டேன்."

"என்னது?"

"அந்தப் புல்வெளி அப்பாவோடது இல்ல. அவரு அத எப்பவோ குடுத்துட்டாரு. எங்கம்மாவுக்கு." இவ்வளவு பேர் நடுவில் அவள் பேசியதே இல்லை. "அதுக்கு நான் அடி வாங்கியிருக்கேன்."

ரெனூஃப் கத்தியைத் தாழ்த்தவில்லை. "முப்பது வருஷமா இதச் சொல்லல. மடத்து ஆளு வந்து நிக்கிறப்போ சொல்றியா?"

"முப்பது வருஷமா எனக்கே தெரியாது."

"அடி வாங்கினவளுக்குத் தெரியாதா?"

"நான் வேற என்னமோன்னு நெனச்சுட்டேன், ரெனூஃப்."

கொந்தார் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினார். "இரு. யாரோட மகள், என்ன பார்த்தேன்னு சொல்லும்மா. சாட்சி சொல்ற மாதிரி சொல்லு."

"தோவாவோட மகள். ஆன்ஸ்கோவோட மகள். அவீஸ்." அம்மாவின் பெயரை இந்தக் கூடத்தில் யாரும் இப்படிச் சத்தமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. சொன்னாள். காற்றிலிருந்து தொடங்கிச் சொன்னாள். செருப்பு வாரைச் சொன்னாள், மடியில் விழுந்த மண்ணைச் சொன்னாள், வளைவையும் கல்லையும் சொன்னாள். ஒரு சொல்லுக்காகவும் அவள் தேட வேண்டியிருக்கவில்லை.

"அங்க இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"அப்போ உன் வார்த்தைதான். மகள் வார்த்தை, அதுவும் தாய்க்காக" என்றார் கொந்தார் வருத்தமாக. "மடத்துல இத எப்படிச் சொல்றது…"

அவீஸ் சாம்பலில் மண்டியிட்டாள். அப்பாவின் முகத்தருகே குனிந்தாள். கேட்க வேண்டும் என்று நினைத்தாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை.

வலது கை எழுந்தது. விரல்கள் விரிந்து, நடுங்கி, மேலே வந்தது. அவள் அசையவில்லை. இந்தத் தடவை அது பாதியில் நிற்கவில்லை. எண்ணெய் வைத்த உள்ளங்கை அவளுடைய இடது கன்னத்தில் வந்து படிந்தது. அடித்த இடத்திலேயே. அங்கேயே இருந்தது. அவருடைய கண் அவளைத் தாண்டிக் கொந்தாரைப் பார்த்தது.

கூடத்தில் ஈவோவின் விசும்பல் மட்டும் கேட்டது.

"சரி ஆன்ஸ்கோ" என்றார் கொந்தார். "கேட்டுச்சு." எழுந்து, கத்தி அலகிலிருந்த மண்ணை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் ஈவோவின் கையில் கொடுத்தார். "ஒருத்தருக்குக் குடுத்தத இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாது."

ஈவோ மண்ணைப் பார்த்தான். "அப்போ என்னை எதுக்கு அடிச்சீங்க?"

மபீலின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அங்கி அவருக்காக வந்துச்சு. அதத் திருப்பி எடுத்துட்டுப் போகமாட்டேன்" என்றார் கொந்தார். "ஆனா தாழ்வாரத்துல எடம்… அது நான் ஒருத்தன் சொல்லி நடக்காது ரெனூஃப். வெறுங்கையோட போனா ஆளாளுக்குக் கேப்பாங்க. கோவிச்சுக்காத."

ரெனூஃப் கத்தியை உறையில் போட்டான். அக்காவைப் பார்த்தான். "சந்தோஷமா? அப்பாவ ஊர்க் கல்லறைக்கு அனுப்பிட்டே." வெளியே போய்விட்டான்.

அவன் சொன்னது உண்மைதான். கன்னத்திலிருந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கியைப் போட்டுவிட்டார்கள். கறுப்புத் துணிக்குள் அவர் சின்னப் பையன்போல இருந்தார். இளம் துறவி உச்சந்தலையில் வட்டமாக மயிரை வழித்தான். லாயத்தில் ஒரு குதிரை கனைத்தது. ரெனூஃபின் குரலும் கேட்டது, யாரிடமோ மெதுவாகப் பேசுவதுபோல. லாயத்தில் வேறு யாரும் இல்லை.

அவன் திரும்ப வந்தபோது கையில் கடிவாளம் இருந்தது. அப்பாவின் சண்டைக் குதிரையின் கடிவாளம். அந்தக் குதிரையை அவனுக்கென்று அப்பா சொல்லிவைத்திருந்தார். அது குட்டியாகப் பிறந்த அன்று லாயத்தில் படுத்துத் தூங்கியவன் அவன். இந்த வம்சத்தில் ஒரு மகன் அப்பாவின் குதிரையில் ஏறினால்தான் பிரபு. அதுவரை வெறும் பிள்ளை.

கடிவாளத்தைக் கொந்தாரின் மடியில் வைத்தான். "இது போதுமா, தாழ்வாரத்துக்கு?"

கொந்தார் அதை உடனே எடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லு. உனக்கு வேற குதிரை இல்ல."

"இருக்கு. ஏர் இழுக்கிற ஒண்ணு இருக்கு." ரெனூஃப் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "பெரியவரு பசுவோடதானே ஆரம்பிச்சாரு."

கடிவாளத்தில் எல்லாரும் கை வைத்தார்கள். அவீஸ் முதலில் வைத்தாள்.

வெயில் கூடத்தின் கதவுவரை வந்து திரும்பும் நேரத்தில் ஆன்ஸ்கோ இறந்துபோனார். யாரும் அதைப் பார்க்கவில்லை. மபீல் கொண்டுவந்த கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவீஸ் அவருடைய விரல்நகத்தில் ஒட்டியிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

அம்மாவிடம் சொல்ல அவளே போனாள். தோவா வாத்துகளைக் கூண்டுக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். மகள் வருகிற நடையைப் பார்த்ததும் கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்போ?"

"இப்பத்தான்."

தோவா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சொன்னியா?" என்று கேட்டாள்.

"சொன்னேன். அம்மா, நீ ஏன் எனக்கு இத்தனை வருஷமா சொல்லவே இல்ல?"

"எத?"

"அன்னைக்கு ஏன் அடிச்சாருன்னு."

தோவா அவளைப் புரியாமல் பார்த்தாள். "உனக்கு மறக்கக்கூடாதுன்னுதானே அடிச்சாரு. அத நான் வேற எதுக்கு ஞாபகப்படுத்தணும்? அந்தப் பேச்சு எடுத்தாலே நீ எந்திரிச்சுப் போயிடுவ. உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குன்னு நான் நெனச்சேன்."

"ஞாபகம் இருந்துச்சும்மா" என்றாள் அவீஸ்.

வாத்துகள் கூண்டுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. தோவா ஒரு கழியை எடுத்துக் கூண்டைத் தட்டினாள்.

மறுநாள் காலை ரோட்டில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. அப்பாவை மடத்துக்குப் படகில்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். குதிரையைக் கொந்தாரின் ஆட்கள் மேட்டு வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். ரெனூஃப் அந்தப் பக்கம் பார்க்காமல் துடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நடுவில் கறுப்பு அங்கியோடு, தையல் போட்ட மாட்டுத்தோலுக்குள் அப்பா. தலைமாட்டில் அவீஸ். அவள் மடியில் ஈவோ. இன்னும் வீங்கின கன்னம்.

"அத்தை" என்றான் ஈவோ காதருகே, "தாத்தாவுக்குப் படகு ஒத்துக்காதே. வாந்தி வந்தா?"

"மெதுவாப் போகச் சொல்லிருக்கேன்" என்றாள் அவள்.

ரெனூஃப் துடுப்புப் போட்டுக்கொண்டே வம்சத்தைச் சொல்ல ஆரம்பித்தான். போகிற வழியில் சொல்லிக்கொண்டே போவது வழக்கம். ஆரம்பிக்கும்போது கொஞ்சம் நிறுத்தினான். கொந்தார் முன்னால் இருந்த படகில் தும்மிக்கொண்டிருந்தார்.

"தோர்கெலோட மகன் கிரிமோ" என்றான்.

பனி ஆற்றின்மேல் தாழ்வாகக் கிடந்தது. வளைவு வந்தது. அங்கே ஆற்றை மறித்துக் கரைக்குக் கரை தோவாவின் விலாங்குப் பொறிகள் கயிற்றில் கட்டியிருந்தன. அவற்றின் நடுவில், இடுப்பளவு தண்ணீரில், தோவா நின்றுகொண்டிருந்தாள். பழைய நீலத் துணி தண்ணீரில் மிதந்தது. படகு நெருங்கியதும் நடுக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். ஈரத்தில் இறுகிப்போயிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தாள். இரண்டு பொறிகளையும் இரண்டு பக்கமாக இழுத்து வழி விட்டு, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படகு அவளை உரசிக்கொண்டு போயிற்று. தண்ணீர் அடங்கும்வரை அவள் அப்படியே நின்றாள். பிறகு இரண்டு கயிறுகளையும் சேர்த்துப் பிடித்து, மறுபடியும் முடிச்சுப் போடத் தொடங்கினாள்.